எட்டா பன்னிரண்டா என்று கேட்டாய்

காத்தான்குடி
14.08.2009

அன்பு மகன் மின்ஹாஜுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் வீட்டில் எல்லோரும் சுகம், உன் சுகத்தைக் கேட்டுத்தான் ஐந்து நேரமும் கையேந்துகிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நோன்புக்கு வேண்டிய மாவை இப்போதே இடித்து வறுத்து வைத்துவிட்டாள். சண்டை முடிந்து மூன்று மாதமாகியும் எனக்குத்தான் பயம் விட்டபாடில்லை. கராஜில் ஒரு டியூப் வெடித்தாலும் முதலில் மேசைக்குக் கீழே போவது நான்தான், வேலைக்கு நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நீ வெள்ளிக்கிழமைகளில் மஸ்கட்டுக்கு வெளியே கல்மலையில் பைக் ஓட்டுகிறாய், அறைக் கூட்டாளியையும் பின்னால் ஏற்றிக்கொள்கிறாய் என்று வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற பிளைவீலில் பூட்டுகிற பாரம் எட்டு அவுன்ஸ் போடவா, பன்னிரண்டு போடவா, இல்லை ஒன்றும் போடாமல் விடவா என்று கேட்டிருந்தாய். பாரம் போட்டால் பாய்ச்சல் மந்தமாகும் என்று கூட்டாளிமார் சொல்வது பொய்யில்லை. இலேசான பிளைவீல் தொட்டவுடன் சீறும், ஆனால் மெதுவாகப் போகும்போது கிளச்சைக் கொஞ்சம் கூடுதலாக விட்டால் இன்ஜின் பட்டென்று நின்றுவிடும். பாரமானது சுற்றின சுற்றை விடாது, ஏற்றத்தில் நிற்காமல் இழுக்கும், ஆனால் இறக்கத்தில் நீ எக்ஸிலேட்டரை விட்ட பிறகும் தள்ளிக்கொண்டே போகும். ஏற்றத்தை நினைத்தால் பன்னிரண்டு என்கிறது மனம், இறக்கத்தை நினைத்தால் எட்டு என்கிறது. நாலு நாளாக இரண்டுக்கும் பயந்துகொண்டு இருக்கிறேன். போனில் நீ கேட்டபோது நான் வேறு கதைக்குப் போனது உம்மா பக்கத்தில் இருந்ததால்தான்.

சுனாமி அன்று பூநொச்சிமுனையில் இருந்து என் மூத்த பிள்ளை, உன் ராத்தா ஹஸீனாவை ஏற்றிக்கொண்டு வரும்போது பெற்றோல் முடிந்து பைக் நின்றது என்றுதான் உனக்கும் உம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். டாங்கியில் பெற்றோல் இருந்தது மகன். பெருநாளுக்கு முன்னால் அந்தப் பிளைவீலை நான்தான் லேத்தில் கொடுத்துச் சீவி இலேசாக்கியிருந்தேன், சந்தியில் எல்லோருக்கும் முன்னால் பாய வேண்டும் என்ற பெருமைக்கு, ஐம்பது வயதில். தொட்டாலே பறக்குது வாப்பா என்று நீ சந்தோசப்பட்டாய், சின்னப்பிள்ளை நீ, உன்னில் ஒரு குற்றமும் இல்லை. மணல் ஒழுங்கைக்குள் சனம் குறுக்கே ஓடிவர மெதுவாக்கினேன், நின்றது. உதைத்தேன், பிடித்தது, கிளச்சை விட்டேன், திரும்பவும் நின்றது. உடுங்க வாப்பா, ஓடுவம் என்றாள் ராத்தா. எனக்குப் பைக்கை விட மனம் வரவில்லை. இறங்கித் தள்ளு மகள், இப்ப பிடிக்கும் என்றேன். சொல்வழி கேட்கிற பிள்ளை, இறங்கித் தள்ளினாள். பிடித்தது. அது சீறிக்கொண்டு என்னை முன்னால் கொண்டுபோய்விட்டது, திரும்பிப் பார்க்கும்போது பின்னால் தண்ணீர்தான் இருந்தது.

இதை உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நோன்பு வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன், அவள் முகத்தைக் கண்டதும் வேறு கதைக்குப் போய்விடுகிறேன். நான் சொல்லும்வரை நீ போனில் வாய் திறக்காதே.

பன்னிரண்டே போடு. கவரைப் பூட்டுமுன் கையால் நாலு சுற்று சுற்றிப் பார், எங்கேயாவது உரசினால் கழற்றிவிடு. நட்டை அளவாக இறுக்கு, உன் பலத்தையெல்லாம் காட்டாதே. செங்குத்தான இறக்கத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வா, கூட்டாளிமார் சிரித்தால் நான் சிரிக்கச் சொன்னதாகச் சொல்லு. பின்னால் ஆளை ஏற்றவே வேண்டாம் என்பதுதான் என் விருப்பம், நீ கேட்கமாட்டாய் என்றும் தெரியும்.

அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவானாக, ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகன். எந்தப் பாரம் போட்டாலும் ஒருநாள் நிற்கும். நின்றால் பைக்கை அப்படியே விட்டுவிடு, உருண்டு எங்கேயும் போகட்டும். பின்னால் இருக்கிறவனை இறங்கித் தள்ளச் சொல்லாதே, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நட.

இப்படிக்கு
உன் வாப்பா
சரீப்