கீழே கிளினிக், மேலே என் அறை

மார்ச் 3, 2025

இன்ஜினியர் செழியன் வீட்டு பிளானோடு வந்தார். என் கணவர் குமரேசன் இருந்தபோது நாங்கள் சேர்ந்து போட்டது. கீழே என் பிசியோதெரபி கிளினிக், பின்பக்கம் மாமனாருக்கு அறை, மேலே நாங்களும் மகள் கவிநிலாவும். ஜனவரியில் லாரி மோதி குமரேசன் போனபிறகு அடி அண்ணாமலை மனையில் அஸ்திவாரம் அப்படியே நிற்கிறது.

"ஏதாவது மாத்தணுமாங்க?" என்றார். "சரி" என்றேன். அது பதிலே இல்லை.

மார்ச் 11

சமையலறை கிழக்கிலா? சரி. படிக்கட்டு வெளியிலா? சரி.

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கவிநிலா புத்தகத்தை மூடிவிட்டுக் கத்தினாள். "எல்லாத்துக்கும் சரி சரினா, இது யாரு வீடும்மா?"

தெரியலையே.

மார்ச் 20

எழுத ஒன்றுமில்லை. அழுகையும் இல்லை, தூக்கமும் இல்லை, பசியும் இல்லை.

ஏப்ரல் 13

நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் எங்கள் மனை வரைக்கும் நின்றது. அதைப் பார்த்துவிட்டு கொழுந்தன் அர்ஜுனன் இன்று வந்தார். "கீழ ரூம் கட்டி பக்தருங்களுக்கு விடலாம் அண்ணி. கிளினிக்கை மாடியில வெச்சிக்கோங்க."

மாமனார் என்னையே பார்த்தார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காலையில் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ரேணுகாம்பாள் ஞாபகம் வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒற்றைப் படி ஏற முடியாமல், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுத முகம்.

"வேணாம். மாடி ஏற முடிஞ்சா அவங்க எதுக்கு எங்கிட்ட வராங்க?"

நானா பேசினேன்? அர்ஜுனன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

ஏப்ரல் 19

செழியனை மனைக்கு வரச் சொன்னேன். வாசலில் படி வேண்டாம், சாய்தளம். சுவரோரம் கைப்பிடி. வீல்சேர் நுழைகிற மாதிரி கழிவறைக் கதவு. கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

மாடியில் பெரிய படுக்கையறை. இரண்டு பேருக்கு என்று போட்டது.

"இதை எடுத்துடுங்க. நான் பொண்ணுகூட படுத்துக்கிறேன்."

செழியன் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார். செங்கல் அடுக்கில் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து வந்தார்.

"இருக்கட்டும்ங்க, எடுக்காதீங்க." என் பக்கம் திரும்பினார். "பொண்ணு நாளைக்கி படிக்கப் போயிடும். உனக்குனு ஒரு ரூமு வேணும்மா. பின்னால உம் மனசு எப்படி போவுதோ, யாருக்கும் நீ பதில் சொல்லத் தேவையில்ல. எனக்குங்கூட."

மகனைப் பறிகொடுத்தவர் சொல்கிறார். என் நெஞ்சில் ஏதாவது அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. ஆனால் அறையை எடுக்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

கவிநிலாவை வேலூர் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். நேராக மனைக்குப் போனேன். மேல்தளத்துக்கு கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மிக்சர் சத்தத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. வசதியாக இருந்தது.

நவம்பர் 24

அர்ஜுனன் வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார். "நல்லாதான் இருக்குது அண்ணி." போகும்போது சொல்லிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 16, 2026

குடிவந்து ஒரு வாரம். கீழே பேச்சுச் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். ஜன்னல் முழுக்க வெயில்.

"டாக்டரம்மா தூங்குறாங்க. செத்த உக்காருங்க" — மாமனார்.

"எனக்கு அவசரம் இல்லீங்க பெரியவரே. தூங்கட்டும்" — யாரோ ஒரு பெண்.

விடிந்தது தெரியாமல் தூங்கியிருக்கிறேன். பெரிய கட்டிலில், குறுக்காக.

பசித்தது.