ஒட்டவைத்த கை

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இத்தோடு நான் செய்த நாலு பொம்மைகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்: அப்பா, அம்மா, நீ, நான். விரல் உயரம்தான், ஆனால் அம்மாவின் மூக்கைப் பார், அச்சு அசல். அப்பா அம்மா கல்யாண நாளுக்கு உன் பட்டறையிலிருந்து ஒரு பனி உருண்டை வேண்டும். கண்ணாடிக்குள் நம் வீடு, வாசலில் நாம் நால்வர், குலுக்கினால் பனி. அப்பாவின் கை அம்மாவின் தோளில் இருக்கிறது, பார்த்தாயா? அவர் மாறிவிட்டார். கூடவே இருந்து பார்க்கிறேன், கை ஓங்கி வருடக்கணக்காகிறது. நீயும் வந்து போனால் குடும்பம் ஒன்றாகிவிடும்.

உன் மண்ணாங்கட்டி

மார்ச் 9

டேய் மண்ணாங்கட்டி,

மூக்கு பிரமாதம். வீட்டை வார்த்து, கூரை வரைக்கும் வண்ணம் அடித்தாயிற்று. ஆனால் உன் அப்பாவின் கையை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டேன். தோளில் கை வைத்திருக்கிறாராம்! அந்தக் கை அம்மாவின் தலையைச் சுவரில் மோதியபோது நீ கட்டிலுக்கு அடியில் இருந்தாய். குறுக்கே போன எனக்கு இரண்டு பல் போயிற்று. இன்றும் ஆப்பிளை நறுக்கித்தான் தின்கிறேன். மாறிவிட்டார் என்றால் அம்மா ஏன் போனில் கிசுகிசுக்கிறாள்? அவளை என்னிடம் அனுப்பி வை. நான் கேட்பது அது ஒன்றுதான்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

இது பைத்தியக்காரத்தனம். கையில்லாத புருஷனை அம்மா எப்படி அலமாரியில் வைப்பாள்? அவளே சொல்லச் சொன்னாள்: "அவ கோபம் நியாயம்தான். ஆனா எனக்காக அதை ஒட்டிடச் சொல்லு."

தம்பி

மார்ச் 20

டேய்,

அம்மா கேட்டதால் ஒட்டிவிட்டேன். சாயம் பூசித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒட்டு தெரியவில்லை. பிறகு தண்ணீரும் பனிக்கு மினுக்குத் தூளும் நிரப்பி, ரப்பர் அடைப்பை இறுக்கி, பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். அதை மறுபடி பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்கா

மார்ச் 27

அக்கா,

அம்மா இந்நேரம் உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

தண்ணீர் நிரம்பிய உருண்டை உள்ளே இருப்பதைப் பெரிதாகக் காட்டும் என்பது உனக்குத் தெரியாததா? கல்யாண நாளன்று அப்பா அதைக் குலுக்கினார், சிரித்தார். பனி அடங்கியதும் கண்ணருகே கொண்டுபோனார். தோளுக்குக் கீழே ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. "எவ அறுத்தா?" என்றார். "நான்தான் அறுக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா, உன்னைக் காப்பாற்ற. உருண்டையாலேயே அவள் முகத்தில் அடித்தார். கன்னமெல்லாம் ரத்தமும் கண்ணாடியும் மினுக்குத் தூளும்.

இந்த முறை நான் ஒளியவில்லை. அவரைத் தள்ளி, மேலே உட்கார்ந்து அடித்தேன். மூக்கு உடைந்தது, தாடை உடைந்தது, அப்புறமும் அடித்தேன். எனக்குச் சுகமாக இருந்தது அக்கா. "விடுடா, விடுடா" என்று அம்மா கத்தியது காதில் ஏறவே இல்லை.

முடிந்ததும் அவள் முகத்தைத் துடைக்கத் துணியோடு போனேன். இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோடு சுருண்டுகொண்டாள். அப்பா கிட்டே வரும்போது செய்வாளே, அதேபோல.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், உயிருக்குப் பயமில்லை. தையல் போட்டுக்கொண்டு வந்ததும் அம்மா பையை எடுத்தாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன்.

"நீ வேண்டாம்ப்பா. பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்க" என்றாள்.

தம்பி