மஞ்சள் கவுன்

அன்புள்ளவருக்கு,

துபாயில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முசரவாக்கத்துப் பள்ளியில் இன்று ஏழாம் வகுப்புக்குச் சூரிய கிரகணம் நடத்தினேன். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரு பல்பை எரியவிட்டோம். அதுதான் சூரியன். பிள்ளைகள் ஒவ்வொருவராக, நிலாவுக்குப் பதில் ஒரு பந்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பல்பு முழுதாக மறையும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

எல்லோரும் முடித்ததும் பந்தை வாங்கிக்கொண்டேன். தறிக்காரர் மகள் தீபிகா எழுந்தாள்.

“மிஸ், அந்தப் பாப்பா இன்னும் பாக்கலியே.”

“எந்தப் பாப்பாம்மா?”

“உங்க புடவையப் புடிச்சிக்கினு நிக்குதே மிஸ். மஞ்சள் கவுன் போட்டுக்கினு.”

யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் நம் வீட்டு விஷயம் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கவுனைக் கடைசியாக எப்போது போட்டுவிட்டோம் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயந்தேன். பந்தை மட்டும் கீழே நீட்டினேன். குளிர்ந்த சின்ன விரல்கள் அதை வாங்கிக்கொண்டன. பந்து மெல்ல உயர்ந்து, பல்புக்கு எதிரே ஆடாமல் நின்றது.

மணி அடித்து வெகுநேரம் ஆகியும் ஜன்னலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டாம் வகுப்புக்கு இந்தப் பாடம் கிடையாது. இருந்தாலும் நாளைக்கு அவர்களுக்கும் நடத்தப் போகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா