குறையாத யூனிட்

என் பிரியத்துக்குரிய அத்தை,

போன வாரம் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். அட்டையில் எழுதிவிட்டு, "போன வருஷம் சித்திரை வைகாசிக்கு வந்த அதே யூனிட்தாங்க. கோடையிலயும் உங்க வீடு மட்டும் ஏறவே ஏறாது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். சிரித்தபடியே வாங்கிக்கொண்டேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. போன வருஷம் நீங்கள் இருந்தீர்கள். நான் கல்லூரி நூலகத்துக்கு வேலைக்குப் போனபின் பகல் முழுக்க வீட்டில் இருந்தவர் நீங்கள்தான். இப்போது பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. யூனிட் குறைந்திருக்க வேண்டாமா?

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம் கேட்டேன்.

"அவங்க எங்க ஃபேன் போட்டாங்கம்மா? ஈரத்துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு கொல்லைக் கதவுகிட்ட உக்காந்திருப்பாங்க. சாயங்காலம் உன் பஸ்ஸு ஹாரன் கேட்டதும் உள்ள போயி ஃபேனைப் போட்டுட்டுப் படுத்துக்குவாங்க. மருமவ வந்தாதான் உங்களுக்கு வேர்க்குமான்னு கேலி பண்ணுவேன். 'நான் புழுங்கிக் கெடக்கறத அது பாத்தா சங்கடப்படும்டி'ம்பாங்க."

நான் வரும்போது ஓடிக்கொண்டிருந்த அந்த ஃபேனைப் பார்த்து, நாளெல்லாம் ஓடுகிறதே என்று எத்தனை தடவை மனதுக்குள் சலித்துக்கொண்டேன் தெரியுமா?

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று யோசிக்கத் தேவையில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்த வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நீங்கள் என்னோடு தங்க வந்த முதல் மாதம். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடியது. "உங்களுக்கென்ன அத்தை, போர் மோட்டாருக்கு வர்ற இலவசக் கரண்ட்லயே பழகிட்டீங்க. இது மீட்டர் ஓடுற வீடு" என்றேன்.

"ஆமாம்மா, எங்க மோட்டார் கொட்டாயில பட்டப்பகல்லயும் பல்பு எரியும். அந்தப் புத்திதான் எனக்கு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்ததாக நினைத்தவள் நான் மட்டும்தான்.

பணம் இல்லாமல் நான் சிக்கனம் பார்த்ததும் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் மகன் லீவில் வந்தபோது உங்கள் அறையில் ஏசி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். போனில் அவர் கேட்டால், "போட்டுக்கறேன்பா, குளிருதுப்பா" என்பீர்கள். ஏசி வந்தும் யூனிட் ஏறாத அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? அதே அட்டையை மாணவிகளிடம் காட்டி, சிக்கனம் என்றால் இது என்று பேசினேன்.

மூட்டுவலியோடு இருந்த உங்களை டவுன் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முதல் படியில் கால் வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்க முடியாமல் நின்றீர்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். பஸ் போகிற வழியில் ஆட்டோ எதற்கு என்று இருந்துவிட்டேன்.

எதையும் வீணாக்கக் கூடாது என்பதை இன்றும் நம்புகிறேன் அத்தை. ஆனால் பெருமைப்பட்டவள் நான், புழுங்கியவர் நீங்கள்.

ஆவணியில் போய்விட்டீர்கள். இதயம் பலவீனம் என்றார் டாக்டர். அந்தக் கோடைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவரிடம் போய்க் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

முதல் வருஷத் திதிக்கு உங்கள் மகன் வருகிறார். நேற்று போனில், "நீ இல்லாட்டி அம்மாவோட கடைசிக் காலம் கஷ்டமாப் போயிருக்கும் செல்வி. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றார். நான் "ம்" என்றேன்.

அவரிடம் சொல்லிவிடுவேன். திதி முடியட்டும் என்று தள்ளிப்போட மாட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்த பிறகுதான் உங்கள் படத்துக்கு முன்னால் இருவரும் நிற்க வேண்டும். அவருடைய ஆறுதல் போய்விடும். என்னோடு பேசாமலே அவர் விமானம் ஏறினாலும் ஏறட்டும்.

"விடுப்பா, அது தெரியாமச் சொல்லுச்சு" என்று நீங்கள் இருந்தால் குறுக்கே வந்திருப்பீர்கள். என்னைக் காப்பாற்றியது போதும் அத்தை. இதை நானே சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வாழ வந்த
மருமகள் செல்வி