பத்து வரியில் என் காணி

பெப்ரவரி 9, திங்கள்

குளிர். ஹாலிஎல முழுக்கப் பனி என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். என் விரல்கள் அதற்கு முன்பே சொல்லிவிட்டன. கடையில் அரை நாள் லீவு. டெலிபோன் மேசைக்கு வேறு ஆள்.

பதுளைக்குப் போய் பார்வையற்றோர் சங்கத்திலிருந்து பத்து வரி பிரெயில் கருவியை வாங்கி வந்தேன். இரவல். பத்து நாள். நல்லது கெட்டதை எழுதித் தர வேண்டும்.

கனம்: இரண்டு கிலோ அரிசிப் பை.
சத்தம்: புள்ளிகள் எழும்பும்போது தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி.
தமிழ்: முதலில் ஒரே உளறல். அமைப்பை மாற்ற அரை மணி நேரம். பிறகு சரி.

பழைய கருவியில் ஒரே ஒரு வரி. எட்டு வருடம் அதில்தான் வாசிப்பு. இடது கைக்கு வேலையே இல்லை. இன்று வலது கை முதல் வரியில் ஓடும்போதே இடது கை தானாக இறங்கி அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்றது. பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் வாசித்த பழக்கம். போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

தம்பி ராஜா த்ரீவீல் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து தொட்டுப் பார்த்தான். "இனி ஒனக்குக் கண்ணு வந்த மாதிரிதானே அக்கா."

"கண்ணு கேட்டேனா நானு? வரி கேட்டேன்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது வருவதற்கு முன்பும் நான் வாசித்தேன். சம்பாதித்தேன்.

குறைகள். பக்கம் மாற நேரம் எடுக்கிறது. கடைசி வரியில் ஒரு புள்ளி சரியாக எழும்பவில்லை. மடியில் வைக்க முடியாது, மேசை வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பதோ ஒரே மேசை, அதில் சோற்றுப் பானை.

பிரெயிலில் எழுதும் இந்த நோட்டை வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நல்லது.

பெப்ரவரி 12, வியாழன்

ராஜாவோடு தோட்ட ஆபீஸ். வீடு கட்டப் பத்து பேர்ச் காணி. அம்மாவுக்குக் கிடைத்தது, அம்மாவுக்குப் பிறகு என் பெயரில். துண்டு நம்பர் 23. எல்லோரும் கையெழுத்துப் போட வரிசையில்.

கிளாக்கர்: "தம்பி பிளானைப் பாத்துட்டாரு. நீங்க பெருவிரல மட்டும் வைங்க தங்கச்சி."

"எனக்குக் கையெழுத்து போடத் தெரியுங்க. வாசிச்சிட்டுப் போடுறேன்."

"கடுதாசின்னா யாராச்சும் வாசிச்சுக் காட்டலாம். இது படம். படத்த எப்பிடி வாசிப்பீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மை டப்பாவை என் பக்கம் தள்ளும் சத்தம். கையை இழுத்துக்கொண்டேன். பிளானில் ஒரு போட்டோகொப்பி கேட்டேன். கொடுத்தார். "திங்கக்கிழமை போடலைன்னா அடுத்த பேருக்குப் போயிரும். அப்புறம் எங்களச் சொல்லக் கூடாது."

வரும் வழியெல்லாம் ராஜா முணுமுணுப்பு. "கைக்கு வந்தத விட்றாத அக்கா. நான் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு."

பயம்தான். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்த தோட்டம். காணி போய்விட்டால் என் வீம்பால்தான் போனது என்பார்கள்.

பெப்ரவரி 13, வெள்ளி

கருவியையும் கடைக்குக் கொண்டுபோய், கணக்கெழுதும் ரிஸ்வானாவிடம் பிளானைக் கொடுத்தேன். இதில் படமும் புள்ளியாக எழும்பும் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். கணினியில் ஏற்றிக் கருவிக்கு அனுப்பினாள். ஒரே புள்ளிக் குவியல். கொட்டிய கடுகு.

"கோடு நெறைய செல்வி. எத வைக்க, எத விட?"

"எங்க வரிசைய மட்டும் வை. பாதைய தடிப்பாப் போடு. நம்பர் போடு."

பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு மறுபடி வரைந்தாள். சாப்பிடு என்று மூன்று தடவை சொன்னேன். கேட்கவில்லை.

பெப்ரவரி 14, சனி

சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

முப்பத்தாறு வருடம் இந்தத் தோட்டத்தைக் காலடிக் கணக்கில்தான் தெரியும். குழாய்வரை நாற்பது காலடி, கோயில்வரை நூற்றுப்பத்து. இன்றுதான் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, இரண்டு உள்ளங்கைக்கும் கீழே. சும்மா தடவிக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை.

பிறகு வேலை. தடித்த கோடு பாதை. 20, 21, 22. அங்கே முடிந்துவிட்டது. மறுபடி தொடக்கத்திலிருந்து. 22இல்தான் முடிகிறது. 23, 24, 25க்குப் பாதை இல்லை. ஒரு பக்கம் அடுத்தவர் காணி, மறு பக்கம் ஓடை.

ரிஸ்வானாவுக்குப் போன். "கோடு ஏதும் விட்டுட்டியா?"

காகிதத்தை விரிக்கும் சத்தம். "இல்ல செல்வி. பிளான்லயே அப்பிடித்தான்."

பெப்ரவரி 15, ஞாயிறு

ராஜாவைக் கூட்டிக்கொண்டு காணிக்குப் போனேன். செருப்பெல்லாம் சேறு. எல்லை முளைக்குச்சிகளை எண்ணிக்கொண்டே வந்தவன் 22இல் நின்றுவிட்டான்.

"ஆமாக்கா. இதுக்கு மேல வழி இல்ல."

"பாத்தேன்னியே."

"மடிச்சுத் தந்தாங்க. விரிக்கவே இல்ல." குரல் உள்ளே போய்விட்டது.

நன்றாகத் திட்டினேன். திரும்பும்போது ஓடைக்கரையில் என் கையைப் பிடிக்க வந்தான். பிடிக்கவிட்டேன்.

பெப்ரவரி 16, திங்கள்

கருவியைப் பையில் போட்டு ஆபீசுக்கே கொண்டுபோனேன். கிளாக்கர் மேசைமேல் வைத்துப் பிளானைப் புள்ளிகளாக எழுப்பினேன்.

"இது பாதை. 22ல முடியுது. என் வீட்டுக்கு நான் எப்பிடிப் போவேன்? பறந்தா?"

பிளானை விரித்தார்.

வரிசையிலிருந்து மாரியாயி: "எனக்கு 24 ஆச்சே. அப்ப எனக்கும் இல்லியா?"

"எங்களுக்கு 25ங்க!" இன்னொரு குரல்.

கிளாக்கர் மெதுவாக, "சர்வேயர் விட்டிருக்காரு போல. நீங்க இப்ப போட்டுடுங்க, பொறகு திருத்திக்கலாம்."

"திருத்திட்டு வாங்க. பொறகு போடுறேன்."

மாரியாயியும் போடவில்லை. 25காரரும் போடவில்லை. அடுத்த பெயருக்குப் போகும் பேச்சை இன்று யாரும் எடுக்கவில்லை.



பெப்ரவரி 18, புதன்

சர்வேயர் வந்தார். 20இலிருந்தே எல்லாத் துண்டிலும் கொஞ்சம் குறைத்து, கடைசிவரைக்கும் பாதை. 22காரர் கத்தினார். கத்தட்டும். புதிய பிளான் வர இரண்டு வாரம்.

ராஜா எல்லோரிடமும், "எங்க அக்காதான் கண்டுபிடிச்சிச்சு." விரிக்காமல் விட்டதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெப்ரவரி 19, வியாழன்

வெயில். கருவியைத் திருப்பித் தர வேண்டிய நாள். சங்கத்திலிருந்து காலையிலேயே போன்.

"இன்னைக்குக் கொண்டாறீங்கதானே?"

"இல்லீங்க. புது பிளான் வரணும். அதையும் வாசிக்கணும். வாசிச்சிட்டுத்தான் தருவேன்."

"அப்பிடி வழக்கமில்லையே. இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்காரு."

"அவரத் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்க. மேசை இருக்கு, ரெண்டு பேரும் வாசிக்கலாம்."

மறுமுனையில் பெருமூச்சு. கூடுதல் நாள் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள் என்றார். உட்கார்ந்து எழுதிவிட்டேன். கீழே கையெழுத்து. கடிதத்தை ராஜா கொண்டுபோயிருக்கிறான்.