ரோசக்கா வீட்டில் இருக்கும் கத்தி

ஜூலை 8, செவ்வாய்

சின்னு, விடிந்ததிலிருந்து மழை. தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாமல் விரலெல்லாம் விறைப்பு. நீ எட்டாம் வகுப்பில் பாதியில் விட்ட கொப்பியில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கம் கணக்கு. எல்லாம் பிழை.

கெலிஓயாவில் உன் பைக்கில் லொறி மோதி இன்றோடு இருபத்தாறு நாள்.

மலையில் பின் நிரையில் ஒருத்தி: "பெத்தவள அடிச்ச புள்ளைக்கா இவ்வளவு அழுவுறா?" மற்றவள்: "சும்மா இரு, கேக்கப் போவுது." கேட்டது. திரும்பவில்லை.

ஜூலை 9, புதன்

பூசணிக்காய். வெட்டுவதற்கு வழக்கம்போல் பக்கத்துக் காம்பரா ரோசக்கா வீட்டுக்கு. மூன்று வருடமாக நம் வீட்டில் கத்தி கிடையாது. உன் பதினாறு வயதில் என்மேல் அதைத் தூக்கினாய். அன்று மாலையே துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

"இனி யாருக்குப் பயந்து இங்க வர்ற? கொண்டு போ தங்கச்சி."

"நாளைக்குப் பாப்போங்க்கா."

"அப்ப என் கத்திரிக்காயையும் சேத்து வெட்டிட்டுப் போ."

சிரித்தார். நானும் கொஞ்சம்.

கத்தி வீட்டுக்கு வந்தால் நீ இல்லை என்று ஆகிவிடும்.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டது. உன் சட்டைகளை அலுமாரியிலிருந்து எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

நீ உடைத்தவை: அலுமாரிக் கண்ணாடி. உட்காரும் கதிரை இரண்டு. டீவி. என் இடது கைச் சுண்டுவிரல்.

விரல் ஒடிந்த அன்று தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனாய். சீனி இல்லை. குடித்தேன்.

கத்தி தூக்கிய நாளும் ஞாபகம் வந்தது. செத்துப்போன உன் அப்பா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தியைக் காணவில்லை. நீதான் விற்றாய், களவாணி என்றேன். அதற்குப் பிறகுதான் அடுப்படிக் கத்தி உன் கையில்.

ஜூலை 12, சனி

நாளை உன் முப்பத்தோராம் நாள் பூசை. பிறகு லயத்து வீடுகளுக்கெல்லாம் சாப்பாடு. அரிசி ஊறப்போட வேண்டும். ரோசக்காவின் மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம், பன்விலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். கத்தியை வாங்கியே ஆகவேண்டும்.

பஸ்ஸுக்கு நின்றபடி இரண்டு பொட்டலம் தந்தார். ஒன்று என் துணி. மற்றது சாக்கு. பிரித்தேன். கவ்வாத்துக் கத்தி.

"அவந்தான் கொண்டாந்து குடுத்தான். நீ சண்ட போட்டதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி. 'பெரியம்மா, கோவத்துல நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க'ன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டான்."

"இப்பத்தான் சொல்றீங்களேக்கா."

"அப்பவே சொல்லியிருக்கணும். என் வாயில மண்ணு." பஸ் வந்தது. அழுதபடியே ஏறினார்.

இரண்டு கத்தியும் மேசையில். நாளைக்கு வாங்கிய பூசணிக்காய் வெட்டாமல் கிடக்கிறது.

களவாணி என்று நான் சொன்னபோது, பெரியம்மாவிடம்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை ஏன்டா சொல்லவில்லை?