கறுப்புக் குஞ்சின் அலகு

1986 மார்ச் 9, ஞாயிறு

பத்து நாளாகப் பூனையைக் கோழிக்கூட்டின் கம்பிவலைக்கு வெளியே உட்கார வைத்துத்தான் சோறு போட்டேன். குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து அதற்குச் சலித்துப்போகட்டும் என்று நினைத்தேன். தேயிலைக்குள் எலி பிடித்துத் திரிகிற பூனை அது. "ஒரு குஞ்சு போனாலும் சாக்குல கட்டி, பஸ்ல கொண்டுபோயி உக்குவளையில விட்டுருவேன்" என்று இவர் சொல்லியிருந்தார்.

இன்று வேலைக்குப் போகவில்லை. இவர் பக்கத்தில் நிற்க, கூட்டைத் திறந்தேன். ஏழு குஞ்சுகளும் வெளியே வந்தன. பூனை அசையவே இல்லை. பிறகு மெல்ல எழுந்துபோய், கறுப்புக் குஞ்சின் முகத்தருகே வாயைத் திறந்தது. கையிலிருந்த விளக்குமாற்றால் ஓங்கி அடித்துவிட்டேன். கத்திக்கொண்டே தேயிலைக்குள் ஓடிவிட்டது.

இவர் குஞ்சைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. முகர்ந்தார்.

"என்னா புள்ள, கருவாடு மணக்குது?"

சீக்கிரம் வளரட்டும் என்று தவிட்டில் கருவாட்டுத் தூளைக் கலந்து வைத்தது நான்தான். அலகெல்லாம் ஒட்டியிருந்தது. பூனை அதைத்தான் நக்க வந்திருக்கிறது.

பொழுது சாய்ந்தும் வரவில்லை. வாசலில் வைத்த சோற்றை எறும்பு மொய்க்கிறது.

இப்போது கூட்டுப் பக்கம் ஏதோ சுரண்டுகிற சத்தம். பூனையா, கீரியா, இந்தக் கலவரக் காலத்தில் ஆள்தானா, தெரியவில்லை. இவர் அசந்து தூங்குகிறார். விளக்குமாறு கதவோரமாகத்தான் இருக்கிறது. அதைக் கண்டால் பூனை மறுபடியும் ஓடிவிடும்.

வெறுங்கையோடு போகிறேன்.